சிகரெட்டை விடுவதற்கு முன்: குமுளி, கம்பம் பக்கத்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் மூன்று முறை சிகரெட்டை விட்டிருக்கிறேன். மூன்று முறையும் சரியாக 41 நாள். கார்த்திகை முதல் தேதி மாலை போடுவேன். டீக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே அதே கடையில், அதே தூணில் சாய்ந்து நின்று பற்றவைப்பேன். "என்ன அண்ணே, விரதம் முடிந்ததா?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் தீப்பெட்டியை நீட்டுவார். நான்காவது முறை விரதம் எதுவும் இல்லை. நோட்டு, தேதி, மருந்துச் சீட்டு, தொலைபேசி எண் என்று வெளியூருக்குச் சரக்கு அனுப்புகிற மாதிரி ஏற்பாடு செய்துகொண்டு விட்டேன். நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன.

கேரள எல்லையிலுள்ள குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையில் எடையும் கணக்கும் பார்க்கிறேன். சொந்த ஊர் கீழே கூடலூர், குடியிருப்பு மேலே. பத்தொன்பது ஆண்டுகள், நாள் ஒன்றுக்கு 15 சிகரெட். விடுவதற்கு நான் பட்ட பாட்டில் பாதி நிக்கோட்டினால் வந்தது. மீதிப் பாதி எங்கே போவது, எதை எடுத்துப் போவது, எந்த மொழியில் கேட்பது என்று தெரியாததால் வந்தது. அந்த இரண்டாவது பாதியை உங்களுக்கு மிச்சப்படுத்தவே இதை எழுதுகிறேன். வண்டிப்பெரியாறு, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்துத் தமிழர்களுக்கும், கீழே லோயர்கேம்ப், கூடலூர், கம்பத்தில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

1. முதலில் தரம் பிரியுங்கள்

காயைச் சல்லடையில் போடாமல் விலை பேசுவோமா? அதுபோல, உங்கள் பிடி எவ்வளவு இறுக்கம் என்று தெரியாமல் மருந்து, தேதி எதையும் முடிவு செய்ய முடியாது. இதற்கு மருத்துவர்கள் கேட்கும் முக்கியமான கேள்விகள் இரண்டு.

காலையில் கண் விழித்த எத்தனை நிமிடத்துக்குள் முதல் சிகரெட்? 5 நிமிடத்துக்குள் என்றால் 3 புள்ளி. 6 முதல் 30 நிமிடம் என்றால் 2. 31 முதல் 60 என்றால் 1. அதற்கு மேல் என்றால் பூஜ்யம். ஒரு நாளைக்கு எத்தனை? 10 வரை பூஜ்யம். 11 முதல் 20 வரை 1. 21 முதல் 30 வரை 2. அதற்கு மேல் 3. இரண்டையும் கூட்டுங்கள். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் மருந்து உதவி இல்லாமல் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. எனக்கு 3 வந்தது. அதற்கே நாக்குத் தள்ளிவிட்டது.

எண்ணிக்கையைவிட அந்தக் காலைச் சிகரெட்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், புகையை இழுத்த பத்து இருபது விநாடிக்குள் நிக்கோட்டின் மூளையை எட்டி, டோபமினைச் சுரக்கவைத்து, ஒரு சின்ன இதத்தைக் கொடுக்கிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் இருப்பதில் பாதி கழிந்துவிடும். இரவு முழுக்கத் தூங்கி எழும்போது கையிருப்பு காலி. எழுந்தவுடன் கை பாக்கெட்டைத் தேடுகிறது என்றால், உடல் கடனைக் கேட்கிறது என்று பொருள்.

பீடி குடிப்பவர்கள் "எனக்குச் சிகரெட் பழக்கமே இல்லை" என்று இந்தக் கணக்கிலிருந்து நழுவப் பார்க்காதீர்கள். பீடி அடிக்கடி அணையும். அணையாமலிருக்க இன்னும் இழுத்துக் குடிப்போம். நிக்கோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் அதில் குறைவில்லை.

2. ஏழு நாள் நோட்டு

விடுகிற தேதிக்கு முந்தைய ஏழு நாளும் குடிக்கிற ஒவ்வொன்றையும் எழுதுங்கள்: மணி, இடம், பக்கத்தில் யார், கையில் என்ன. குறைக்க முயலவே வேண்டாம், எழுதினால் போதும். என் நோட்டில் 15-ல் ஒன்பதுக்குப் பக்கத்தில் "டீ" என்று இருந்தது. இரண்டு எடைத் தராசுக்கு அருகில், சரக்கு ஏற்றும் ஆட்களோடு நிற்கும்போது. ஒன்று கழிவறையில். உண்மையிலேயே ஆசைப்பட்டுக் குடித்தது மூன்றோ நான்கோதான்.

இந்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். டாக்டரிடம் காட்ட வேண்டும். தொலைபேசியில் ஆலோசகர் கேட்பார். ஐந்தாவது, பத்தாவது படிகளிலும் தேவைப்படும்.

3. தேதி: திங்கள்கிழமையைத் தவிருங்கள்

இது யாரும் எனக்குச் சொல்லாத விஷயம். நிக்கோட்டின் இல்லாத தவிப்பு இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்தில் படிப்படியாக இறங்கும். இந்திய அரசின் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணம் இல்லை, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்கும், திங்கள்கிழமை விடுமுறை. முதலில் நான் ஞாயிறு என்று தேதி குறித்தேன். இரண்டாம் நாள் திங்கள். கடைக்குப் பின்னால் சாக்கு அடுக்கின் மேல் உட்கார்ந்து போன் செய்கிறேன், யாரும் எடுக்கவில்லை. பத்து நிமிடத்தில் டீக்கடையில் நின்றேன்.

செவ்வாய் அல்லது புதன் குறியுங்கள். மோசமான நாட்கள் வாரத்தின் நடுவே விழும், உதவி எண்ணும் திறந்திருக்கும்.

ஏலக்காய் வேலையில் இருப்பவர்கள் அறுவடை உச்சத்தில் குறிக்க வேண்டாம். பதினாறு மணி நேரம் நின்று எடை போடுகிற நாளில் எந்த வைராக்கியமும் நிற்காது. நான் சரக்கு வரத்து ஓய்ந்த பிப்ரவரியைத் தேர்ந்தேன். ஆடி மாதத்துச் சாரலும் பனிமூட்டமும் போனபிறகு என்பது இன்னொரு வசதி. குளிருக்கு இதமாக ஒன்று என்ற சாக்கு இருக்காது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் கல்யாணம், காதுகுத்து இருந்தால் தேதியைத் தள்ளுங்கள். ஆனால் ஒரு தடவைதான் தள்ளலாம்.

இனி மாலை விவகாரம். மாலை போட்டிருக்கும் காலத்தில் விடுவது நல்ல வழிதான். டீக்கடையில் யாரும் நீட்ட மாட்டார்கள், வீட்டில் எல்லோரும் துணை. 41 நாளில் உடலின் தவிப்பு ஏறக்குறைய அடங்கியும் விடுகிறது. பிறகு ஏன் மூன்று முறையும் தோற்றேன்? மாலை போட்ட அன்றே கழற்றும் தேதியையும் மனத்தில் எழுதி வைத்திருந்தேன். நான் எடுத்தது விடுப்பு. நீங்கள் மாலையோடு விடுவதானால், கழற்றும் நாளுக்கு அடுத்த பத்து நாட்களை முன்கூட்டியே திட்டமிடுங்கள்: உதவி எண்ணில் அந்த வாரத்துக்குப் பேசச் சொல்லி வையுங்கள், அன்று சாயங்காலம் வேறு தெருவில் டீ குடியுங்கள்.

4. எங்கே போவது, எதை எடுத்துப் போவது

முதலில் போன். 1800-11-2356 அழைத்து மொழி தேர்வில் தமிழைக் கேளுங்கள். தென்மாநில மொழிகளுக்குப் பெங்களூர் நிமான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்திலிருந்து பேசுகிறார்கள். கேரள சிம், தமிழ்நாட்டு சிம் எதில் அழைத்தாலும் ஒன்றுதான். பெயர், வயது, எத்தனை ஆண்டு, எத்தனை சிகரெட் என்று கேட்டுப் பதிவு செய்துகொள்வார்கள், தேதியையும் குறிப்பார்கள். பிறகு அவர்களே திரும்ப அழைப்பார்கள். இங்கேதான் பொறி: தெரியாத எண் என்று நீங்கள் எடுக்காமல் விட்டால் தொடர்பு அறுந்துவிடும். எனக்கு இரண்டு அழைப்பு அப்படிப் போயிற்று. கடன் கொடுக்கிற கம்பெனி என்று நினைத்தேன். பேசக் கூச்சப்படுபவர்கள் 011-22901701 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் குறுஞ்செய்திகள் வரும்.

நேரில் போவதானால், கேரளப் பக்கத்தில் உங்கள் பஞ்சாயத்தின் குடும்ப ஆரோக்கிய மையம் போதும். மூச்சுக்குழாய் நோய்களுக்கான ஸ்வாஸ் கிளினிக் நடக்கிற மையமாக இருந்தால் இன்னும் நல்லது. மூச்சு அளவும் பார்ப்பார்கள், புகைப்பதை விடவும் வழி சொல்வார்கள். எந்தக் கிழமை என்று முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கம்பம் அரசு மருத்துவமனை. அங்கே முடியாததற்கு க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பெரிய ஆஸ்பத்திரியில் "புகையிலை நிறுத்த மையம் எங்கே?" என்று கேளுங்கள். வெறுமனே பொது வரிசையில் நின்றால் இருமல் மருந்தோடு திரும்புவீர்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: ஆதார் அட்டை; ஆதாரோடு இணைத்த எண் உள்ள கைப்பேசி (கேரளத்தில் இ-ஹெல்த் முறை வந்துவிட்ட மையங்களில் ஒ.டி.பி. அதற்குத்தான் வரும், மனைவி பெயரில் உள்ள சிம் என்றால் அவரையும் அழைத்துப் போங்கள்), ஏழு நாள் நோட்டு, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டு அல்லது அட்டை. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு, மனநலம் எதற்கான மாத்திரையானாலும் மறைக்காதீர்கள். ஏன் என்பது ஏழாவது படியில் வருகிறது. ஓ.பி. சீட்டுக்கு ஆகும் பணம் டீச் செலவைத் தாண்டாது. அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை அது இல்லாமல் போனால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

மொழியில் ஒரு குழி இருக்கிறது, சிரிக்காமல் படியுங்கள். முதல் முறை போன மையத்தில் நர்ஸ் என்னிடம் "வலிக்குமோ?" என்று கேட்டார். எங்கே வலிக்கிறது என்று கேட்கிறார் போல என்று நினைத்து "இல்லை சிஸ்டர், வலி எதுவும் இல்லை" என்றேன். மலையாளத்தில் வலிப்பது என்றால் புகை இழுப்பது. சீட்டில் "புகைப்பழக்கம் இல்லை" என்று எழுதிவிட்டார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு என் இருமலுக்கு வேறு காரணம் தேடினார். இந்த மலையில் இருபது ஆண்டு இருந்தும் எனக்கே இந்தக் கதி. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு நகருங்கள்.

அங்கே இருக்கும்போதே எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் எழுதி வாங்குங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் சளிப் பரிசோதனை கேளுங்கள். புகைப்பவர்களுக்குக் காசநோய் வாய்ப்பு அதிகம், அரசு மையத்தில் பரிசோதனை இலவசம். நுரையீரலுக்கென்று ஆயிரக்கணக்கில் 'பேக்கேஜ்' விற்கும் இடங்களுக்கு அவசரப்பட்டு ஓட வேண்டாம்.

ஒரே ஊசியில் மறக்கடிக்கிறோம் என்ற விளம்பரத்தை நம்பி நான் 6,500 ரூபாய் தொலைத்திருக்கிறேன். ஊர், பெயர் வேண்டாம். ரசீது கேட்டேன், கொடுக்கவில்லை. எதை ஏற்றினார்கள் என்று கேட்டேன், "ரகசிய மூலிகை" என்றார்கள். திரும்பும் பஸ் ஏறுவதற்கு முன்பே ஒன்றைப் பற்றவைத்துவிட்டேன்.

5. மருந்து: சூயிங்கம்மைச் சூயிங்கம் போல மெல்லாதீர்கள்

நிக்கோட்டின் சூயிங்கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவில் கிடைக்கிறது. 2 மில்லிகிராமை மருந்துக்கடையில் நேரடியாக வாங்கலாம்; 4-க்கு டாக்டர் சீட்டு வேண்டும். நான் சீட்டில்லாமல் 2 வாங்கி மென்று, "இது வேலைக்கு ஆகாது" என்று இரண்டு நாளில் தூக்கிப் போட்டேன். பிறகு டாக்டர் நோட்டைப் பார்த்து, எழுந்த இருபது நிமிடத்தில் முதல் சிகரெட் என்றதும் 4 எழுதினார். எழுந்து அரை மணிக்குள் குடிப்பவர்களுக்கு 4 என்பது பொதுவான வழக்கம். அவர் கேரளத்தில் எழுதிய சீட்டைக் கம்பத்தில் ஒரு மருந்துக்கடையில் நீட்டினேன், தயங்காமல் கொடுத்தார்கள்.

மெல்லும் முறைதான் எல்லாம். நாலைந்து தடவை மெதுவாகக் கடியுங்கள். மிளகு கடித்தது போல் ஒரு காரம் ஏறும். உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் போனதும் மறுபடி கடித்து வேறு பக்கம் ஒதுக்குங்கள். ஒன்று அரை மணி நேரம் வரும். நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகத்தான் உடலில் ஏற வேண்டும். வேகவேகமாக மென்று எச்சிலை விழுங்கினால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிச்சம், காசும் வீண். மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தும் மெல்லும்போதும் டீ, காபி, பழச்சாறு கூடாது. வாயில் புளிப்பு ஏறினால் நிக்கோட்டின் உறிஞ்சப்படாது. மலைக்காரர்களுக்கு இது சோதனைதான். டீயை முடித்து, வாய் கொப்பளித்து, கால் மணி கழித்து வாயில் போடுங்கள்.

முதல் ஆறு வாரம் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கு. அடுத்த மூன்று வாரம் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. கடைசி மூன்று வாரம் நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. மொத்தம் 12 வாரம். தவிப்பு வந்தபிறகு தேடுவதைவிட, வரும் மணிக்கு முன்பே வாயில் இருக்க வேண்டும். அந்த மணி எதுவென்று உங்கள் நோட்டில் இருக்கிறது. பலர் செய்யும் தவறு, நன்றாக இருக்கிறதே என்று மூன்றாம் வாரத்திலேயே நிறுத்துவது.

தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையும் உண்டு. நாளுக்கு ஒன்று, ஒவ்வொரு நாளும் வேறு இடத்தில். இரவில் கெட்ட கனவு வந்தால் டாக்டரிடம் சொல்லிப் படுக்கும்முன் கழற்றிவிடலாம். வேரனிக்ளின், புப்ரோபியான் என்ற மாத்திரைகள் சீட்டோடு மட்டும். விடுகிற தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும், அதனால் தேதியன்று டாக்டரைத் தேடுவது காலம் கடந்த வேலை. வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது. கர்ப்பிணிகள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் எதையும் தாமாக வாங்க வேண்டாம்.

மாற்று என்று நண்பர்கள் நீட்டுபவற்றில் மூன்றைத் தொடாதீர்கள். ஹான்ஸ், கூல் லிப் போன்ற வாயில் அடக்கும் புகையிலை: நிக்கோட்டின் அப்படியே தொடரும், வாய்ப் புற்றுநோய் கூடுதல். மின்சிகரெட்: 2019 முதல் இந்தியா முழுவதும் விற்கவும் இருப்பு வைக்கவும் தடை. மூலிகைச் சிகரெட்: நிக்கோட்டின் இல்லாவிட்டாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டு, கை வாய்ப் பழக்கமும் போகாது.

6. முதல் மூன்று நாள்

முந்தைய இரவே பாக்கெட், லைட்டர், சாம்பல் கிண்ணம் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். 'அவசரத்துக்கு' என்று ஸ்கூட்டர் பெட்டியில் ஒளித்து வைத்த ஒன்று என்னை மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்கு எழுப்பிவிட்டது.

ஒவ்வொரு தவிப்பும் மூன்று முதல் ஐந்து நிமிடம்தான். தீராத ஆசை என்று தோன்றும், ஆனால் அலை போல ஏறி இறங்கிவிடும். கடைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஏலக்காய் ஒன்றைக் கடித்து ஒதுக்குவேன். தோலை உரித்து ஒவ்வொரு விதையாக எண்ணிக் கடிப்பதற்குள் நேரம் போய்விடும். கிராம்பு வேண்டாம், நாக்குப் புண்ணாகும். பக்கத்திலிருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: "மூன்று நாள் நான் எரிந்து விழுவேன், மன்னித்துவிடுங்கள்." என் மனைவி மூன்று நாளும் பதிலே பேசவில்லை. பின்னாளில்தான், பேசினால் அழுதுவிடுவேன் என்று பயந்ததாகச் சொன்னாள்.

டீக்கடையை மாற்றுங்கள். பத்து நாளுக்கு மட்டும். நட்பு போய்விடாது, எனக்குத் தீப்பெட்டி நீட்டிய அதே கடைக்காரர் இப்போது என்னைப் பார்த்ததும் ஸ்ட்ராங் டீ போடுகிறார், வேறு எதையும் நீட்டுவதில்லை.

இருமலும் சளியும் முதலில் கூடலாம். நுரையீரலின் மெல்லிய மயிரிழைகள் மறுபடி வேலை செய்யத் தொடங்குவதால் வருவது அது. பயந்து திரும்ப வேண்டாம். மலச்சிக்கல், வாய்ப்புண், தூக்கமின்மை, பசி எல்லாம் வரும், போகும். ரத்தம் கலந்த சளி மட்டும் காத்திருக்கிற விஷயம் இல்லை. அன்றே டாக்டரிடம் போங்கள். மனம் மிகவும் தளர்ந்து, வாழ்வே வெறுத்துப் போகிற மாதிரி இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

7. டீயைக் குறையுங்கள், மாத்திரைகளைச் சொல்லுங்கள்

சிகரெட் புகையிலுள்ள சில பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, காஃபினை வேகமாகக் கழிக்க வைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைகிறது. அதே ஆறு டீ இப்போது உடலில் நெடுநேரம் தங்கும். கை நடுங்கும், தூக்கம் வராது, படபடப்பு. இதைச் சிகரெட் இல்லாத தவிப்பு என்று நினைத்துத் திரும்பவும் பற்றவைப்பவர்கள் எத்தனை பேரோ. முதல் வாரத்திலிருந்தே டீயைப் பாதியாக்குங்கள். நான் ஆறிலிருந்து மூன்றுக்கு வந்தேன், நான்காம் நாளே தூக்கம் சரியானது.

இதே காரணத்தால்தான் ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின், மனநலத்துக்குக் குளோசபின், ஒலன்சபின் சாப்பிடுபவர்கள் விடுகிற தேதியை முன்னாலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். புகை நின்றதும் அந்த மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறும். இன்சுலின் போடுபவர்கள் முதல் சில வாரம் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள்.

எடை கூடும். முதல் ஆண்டில் நாலைந்து கிலோ சராசரி. எனக்கு ஆறு. பலகாரத்தட்டை மேசையிலிருந்து எடுக்கச் சொன்னதோடு என் முயற்சி முடிந்தது. அதற்காகத் திரும்பப் புகைப்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

8. செலவுக் கணக்கு

என் சிகரெட் ஒன்று 15 ரூபாய் என்று வையுங்கள். நாளுக்கு 225. பன்னிரண்டு வாரத்துக்கு 18,900. சூயிங்கம் 12 வாரத்துக்கும் சேர்த்து 600 துண்டு அளவில் ஆனது. துண்டு 12 ரூபாய் கணக்கில் 7,200. அரசு மையத்தில் கையிருப்பு இருந்தால் இலவசமாகவும் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். 12 வாரம் கழிந்தபின் செலவு பூஜ்யம். ஆண்டுக் கணக்கில் 82,125 ரூபாய் மிச்சம். இந்தப் பணம் தானாகக் கண்ணில் படாது. நான் தினமும் 225-ஐ ஒரு காலி ஏலக்காய் டப்பாவில் போட்டேன். முதல் மாதக் கடைசியில் எண்ணியபோது கொஞ்சம் அவமானமாகவே இருந்தது.

9. எது எப்போது திரும்பும்

கடைசிச் சிகரெட் முடிந்து 20 நிமிடத்தில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும். 12 மணி நேரத்தில் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்கு வரும். 2 முதல் 12 வாரத்தில் ரத்த ஓட்டமும் நுரையீரல் வேலையும் தேறும். ஒன்று முதல் ஒன்பது மாதத்தில் இருமலும் மூச்சிரைப்பும் குறையும். ஓர் ஆண்டில் இதயநோய் ஆபத்து புகைப்பவருடையதில் பாதியாகும். பத்து ஆண்டில் நுரையீரல் புற்றுநோய் ஆபத்தும் ஏறக்குறைய பாதியாகும். 30 வயதில் விட்டால் ஏறக்குறைய 10 ஆண்டு ஆயுள் கிடைக்கும், 40-ல் 9, 50-ல் 6, 60-ல் 3 என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அறுபது வயது எஸ்டேட் கங்காணி ஒருவர் "இனிமேல் என்ன?" என்று என்னிடம் கேட்டார். மூன்று ஆண்டு, பேரன் பள்ளிக்குப் போவதைப் பார்க்கலாம் என்றேன்.

எனக்கு முதலில் திரும்பியது மூக்கு. மூன்றாவது வாரம், உலர்த்தி வந்த காயை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்தேன். பச்சை மணம் மாறாத காய் எது, அதிகச் சூட்டில் கருகிய காய் எது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடிந்தது. பத்தொன்பது ஆண்டாக நான் நிறத்தைப் பார்த்து விலை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். முதலாளியிடம் இதைச் சொல்லவில்லை.

10. ஒன்று குடித்துவிட்டால்

நோட்டில் எழுதுங்கள்: மணி, இடம், யார். மீதிப் பாக்கெட்டை அங்கேயே நசுக்கிப் போடுங்கள். சூயிங்கம்மை நிறுத்த வேண்டாம். உதவி எண்ணை அழையுங்கள், திட்டமாட்டார்கள். ஒன்று தவறியதால் எல்லாம் போயிற்று என்று அன்று மாலையே பாக்கெட் வாங்குவதுதான் உண்மையான வீழ்ச்சி. நானும் 23-ம் நாள் ஒரு சாவு வீட்டில் பாதி குடித்தேன். புதிய தேதி குறிக்கவில்லை. 24-ம் நாள் என்றே எழுதினேன். "நாளுக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன்" என்ற பேரம் மட்டும் யாருக்கும் நிலைத்து நான் பார்த்ததில்லை.

11. காப்பீட்டுப் படிவம்

ஆயுள் காப்பீடு எடுக்கும் எண்ணம் இருந்தால் இதையும் கவனியுங்கள். புகைப்பவருக்குப் பிரீமியம் கணிசமாக அதிகம். புகைக்காதவர் என்ற விகிதம் கேட்க, பொதுவாகக் கடந்த 12 மாதம் எந்த வடிவிலும் புகையிலை, நிக்கோட்டின் தொட்டிருக்கக் கூடாது. காலம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், படிவத்தின் வாசகத்தைப் படியுங்கள். முகவர் "இல்லை என்று போட்டுவிடலாம் சார்" என்பார். பின்னால் தொகை கேட்கும்போது பழைய மருத்துவச் சீட்டுகள் எல்லாம் வெளியே வரும், குடும்பம்தான் அலையும். சிறுநீரில் கோட்டினின் என்ற பொருளைப் பார்ப்பார்கள். அது நிக்கோட்டினிலிருந்து உடலில் உண்டாவது. சூயிங்கம் மென்றாலும் பட்டை ஒட்டினாலும் அந்தச் சோதனையில் தெரியும். ஆகவே 12 மாதக் கணக்கைக் கடைசிச் சிகரெட்டிலிருந்து எண்ணாதீர்கள். கடைசிச் சூயிங்கம் மென்ற தேதியை நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்து, அதிலிருந்து எண்ணுங்கள்.